முதற் சம்பளத்துக்கு முந்திய நாள்கள்

தமிழ் வீடுகளில் முதற் சம்பளத்துக்குத் தனியானதொரு மதிப்பு உண்டு. அதைத் தாயின் கையிற் கொடுத்து வணங்குவோர் பலர். கோயிலில் அருச்சனை செய்விப்போர் பலர். தம்பி தங்கையருக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்போர் பலர். முதற் சம்பளத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அது வந்து சேர்வதற்கு முந்திய நாள்களைப் பற்றிப் பேசுவதில்லை. வேலை இன்று தொடங்குகிறது. ஊதியம் இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே வருகிறது. வேலைத்தலத்துக்குப் போய்வரும் செலவோ நாளைக் காலையிலேயே கையிலிருந்து போக வேண்டியதாக இருக்கிறது. இந்த இடைவெளி சிறியதுதான். எனினும் ஒரு குடும்பத்தின் புதுவாழ்வு அந்தச் சிறிய இடைவெளியில் இடறிவிடக் கூடும். புலம்பெயர்ந்து வந்தோருள் அநேகர் இதை அனுபவித்தவர்கள். அனுபவித்தும் வாய்திறந்து சொல்லாதவர்கள்.

பாடசாலையின் ஆண்டு விழா மலரில் இதைப் பற்றி எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணலாம். வார இறுதியிலே பிள்ளைகளை இங்கே அழைத்துவரும் பெற்றோர், வார நாள்களில் எவ்வாறு வேலைக்குப் போகின்றனர் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நல்லது. அதனோடு, பெற்றோர் முன்னே வைப்பதற்கு ஒரு வேண்டுகோளும் என்னிடம் உண்டு. அதை இறுதியிற் கூறுவேன்.

நாம் வாழும் பக்குரங்காவிலே புகையிரத நிலையம் இல்லை. தாமாக்கி ஆற்றின் பாலத்தைக் கடந்து பான்மியூருக்குச் சென்றாலே புகையிரதம் ஏறலாம். பான்மியூருக்கும் பக்குரங்காவுக்கும் இடையே பேருந்துகளுக்கென்றே தனிவழி 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் பின்னர் பயணம் இலகுவாயிற்று. ஆயினும் பண்டகசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை அதிகாலையில் தொடங்குகிறது. விடியுமுன்னர் போக வேண்டியவருக்குப் பேருந்து உதவுவதில்லை. சொந்தக் கார் வேண்டும், அன்றேல் கார் வைத்திருப்பவரின் தயவு வேண்டும்.

பேருந்து உள்ள வேளையிலும் ஓர் இடர் உண்டு. ஒக்லாந்துப் பேருந்துகளில் 2020ஆம் ஆண்டின் பின் காசு வாங்குவதில்லை. ‘ஹொப்’ அட்டை ஒன்றை விலைகொடுத்து வாங்கி, அதிலே முன்கூட்டியே பணம் நிரப்பிக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் முதல் வங்கி அட்டையைத் தொட்டும் பயணம் செய்யலாம் என்றாயிற்று. அதற்கும் வங்கிக் கணக்கிலே பணம் இருக்க வேண்டுமன்றோ? சட்டைப் பையில் நாணயங்கள் குலுங்கினாலும் அவற்றால் மட்டும் பேருந்தில் ஏற முடியாது. சுருங்கக் கூறின், உழைப்பவன் தன் உழைப்பை முன்னே கொடுத்துவிட்டு ஊதியத்துக்குக் காத்திருக்கிறான். பயணத்துக்கோ பணத்தை முன்னே கொடுத்துவிட்டே இருக்கையில் அமர்கிறான். இரண்டு பக்கத்திலும் முன்னே கொடுப்பவன் அவனே.

2017ஆம் ஆண்டு என் குடும்பம் அகதிகளாக இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. மாங்கெரேயிலுள்ள மீள்குடியேற்ற நிலையத்தில் ஆறு வாரங்கள் தங்கியபின், உறவினர் ஒருவர் இங்கிருந்தமையால் பக்குரங்காவில் வீடு அமைந்தது. சில மாதங்களின் பின் ஓட்டாஹுஹு பக்கத்துப் பண்டகசாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. காலை 5 மணிக்கு நிற்க வேண்டும். ஊரில் கரும்பலகையின் முன் நின்ற நான், இங்கே பெட்டிகளை அடுக்கும் தொழிலை மகிழ்ச்சியோடுதான் ஏற்றேன். உழைப்பிற் சிறுமை இல்லை என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், அதை நடந்து காட்டுவதற்கு ஏன் தயங்க வேண்டும்?

தயக்கம் வந்தது வேறோரிடத்தில். சம்பளம் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை. அந்த இரண்டு வாரக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்து, அடுத்த வியாழக்கிழமையே பணம் வங்கிக்கு வரும். திங்கட்கிழமை வேலை தொடங்கிய எனக்கு முதற் சம்பளம் பதினெட்டாம் நாள். அதற்குள் பதினான்கு நாள்கள் வேலைக்குப் போக வேண்டும். போகும்போது உடன் வேலை செய்பவர் ஒருவரின் காரில் பெற்றோல் பங்கு மூன்று டொலர்; திரும்பி வருவதற்கு நான்கு டொலர்; நாளொன்றுக்கு ஏழு டொலர். பதினான்கு நாள்களுக்குத் தொண்ணூற்றெட்டு டொலர். வீட்டு வாடகையும் அரிசி பருப்பும் பிள்ளைகளின் தேவையும் போக என் கையில் எஞ்சியிருந்தது நாற்பத்தொரு டொலர். கணித ஆசிரியனுக்கு இந்தக் கணக்கைச் செய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஐந்து நாள்களுக்குப் போதும். ஆறாம் நாளுக்கு ஒரு டொலர் குறைவு.

நடந்து போகலாமா என்றும் பார்த்தேன். ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் வழி. காலையிற் பெட்டி சுமக்கப் போகின்றவன் இரவு மூன்று மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். ஓரிரு நாள்களுக்கு இயலும். இரண்டு வாரங்களுக்கு உடம்பு இடங்கொடாது. வேலைக்குச் சேர்ந்த கிழமையிலேயே முற்பணம் கேட்பதற்கு நா எழவில்லை. தொண்ணூற்றெட்டு டொலர் பெரிய தொகை அன்று. அது இல்லாமையால் வேலை போகுமாயின், இழப்பு அந்தத் தொகையின் பன்மடங்கு. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் இந்நாட்டிலே மிகக் குறைந்த ஊதியம் மணிக்கு 15 டொலர் 75 சதம். ஏழு மணி நேரத்துக்குக் குறைவான உழைப்பின் கூலி, பல ஆண்டுகளின் பிழைப்பைத் தீர்மானிக்கும் நிலையில் நின்றது. ஏழ்மை என்பது பணம் இல்லாமை மட்டும் அன்று, வேண்டிய நாளில் இல்லாமை என்பதை அன்று உணர்ந்தேன்.

அந்தக் காலத்திலேதான் தமிழ் வகுப்பொன்றில் தொண்டர் ஆசிரியராகவும் சேர்ந்திருந்தேன். அங்கே வந்துபோகும் முதியவர் ஒருவர் இருந்தார். எனக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டுப் பலரும் வாழ்த்தினார்கள். அவரும் வாழ்த்தினார், வாழ்த்திவிட்டு, வேறெவரும் கேளாத ஒன்றைக் கேட்டார்.

“மாஸ்ரர், சம்பளம் வருமட்டும் போய்வரக் காசு இருக்கோ?”

நான் மறுமொழி சொல்லவில்லை. அவரும் மறுமொழியை எதிர்பார்த்து நிற்கவில்லை. அடுத்த நாள் ஒரு கடித உறையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே நூறு டொலர் இருந்தது. முதற் சம்பளத்தில் திருப்பித் தருவதாகக் கூறினேன். அவர் தலையை அசைத்தார்.

“முதல் சம்பளத்திலை ஒரு சதமும் தரக்கூடாது, மாஸ்ரர். அதுக்கு எத்தினை பேர் வாயைத் திறந்துகொண்டு நிக்கினம்! மூண்டாவது சம்பளத்திலை பாப்பம். அதுக்கு முதல் கொண்டு வந்தால் நான் கதவு திறக்க மாட்டன்.”

தானும் பல ஆண்டுகளுக்கு முன் வேலைக்காக அந்தப் பான்மியூர்ப் பாலத்தை நடந்தே கடந்தவர் என்பதைப் பின்னொருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மூன்றாவது சம்பளத்தில் பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பாராமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் மகளின் தமிழ் எழுத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அவர் சொன்ன சொல்லின் நுட்பத்தைப் பின்னரே ஆராய்ந்தேன். முதற் சம்பளம் வருமுன்னரே அதற்கு உரியவர்கள் வரிசையில் நிற்கின்றார்கள்: வாடகை, மின்கட்டணம், கடையில் வாங்கிய சாமான், அடுத்த இரண்டு வாரப் பயணம். அதிலிருந்து கடனையும் அறவிட்டால், பள்ளம் ஒரு கிழமை தள்ளிப் போகுமேயன்றி மூடப்படாது. மூன்றாவது சம்பளம் வரும்போதுதான் குடும்பம் மூச்சு விடுகிறது. கடன் கொடுப்பவனுக்குப் பணம் மட்டும் இருந்தாற் போதாது. வாங்குபவனின் நாள்காட்டியும் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தகைய உதவி எனக்கு அதுவே முதன்முறை அன்று. 2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தக் காலத்தில், கிளிநொச்சி மாவட்டத்துச் சிற்றூர்ப் பாடசாலை ஒன்றிலே எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. ஏ9 வீதி முந்திய ஆண்டிலேதான் மீளத் திறக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து முகமாலைச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, பிரதான வீதியில் இறங்கி, அங்கிருந்து உள்ளே செம்மண் பாதையில் வெகுதூரம் போக வேண்டும். கடிதங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போய்வந்து என் முதற் சம்பளம் கைக்கு எட்டச் சில மாதங்கள் சென்றன. புதிதாக நியமனம் பெறும் ஆசிரியர்களுக்கு இது புதிய கதை அன்று. அந்த மாதங்களிலே பாடசாலை அதிபர் தம்முடைய பழைய சைக்கிளை எனக்குத் தந்தார். “ரியூப் ஒட்டுறது உம்முடைய பாடு, சைக்கிள் என்ரை பாடு” என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. கிராமத்துக் கடைக்காரர் என் பெயரில் ஒரு கொப்பி திறந்தார். அந்தச் சைக்கிளும் அந்தக் கொப்பியும் இல்லையேல், அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு கணித ஆசிரியர் இருந்திரார். உதவி எனக்குக் கிடைத்தது. பயன் ஒரு வகுப்புக்கே கிடைத்தது.

எல்லாப் பயணக் கடனும் இவ்வாறு நன்மை செய்வதில்லை என்பதையும் நமது வரலாறு கூறுகிறது. மாணவர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தின் திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேலைக்குச் சென்றார்கள். வழிச்செலவுக்கு அவர்களிடம் பணம் இல்லை. அவர்களைத் திரட்டிச் சென்ற கங்காணி, தோட்டத்திலிருந்து முற்பணம் பெற்று, கடல் கடக்கும் செலவையும் வழியுணவையும் பார்த்துக்கொண்டார். அந்தச் செலவு தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டது. மலையில் முதன்முதலாகக் கொழுந்து கிள்ளு முன்னரே அவர் கடனாளி.

அந்தக் கடனுக்கு ஒரு கடிதமும் இருந்தது. அதன் பெயர் ‘துண்டு’. ஒரு தோட்டத்தை விட்டு மற்றோரு தோட்டத்துக்குப் போக விரும்புபவர், தம் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிக்கலாம் என்று துரை எழுதிய துண்டைக் கொண்டு செல்ல வேண்டும். புதிய தோட்டம் பழைய கடனைக் கொடுத்து ஆளை எடுக்கும். கடனோ ஆளோடு கூடவே போகும். இவ்வாறு ஒருமுறை செய்த பயணத்தின் செலவு, வாழ்நாள் முழுவதும் காலைக் கட்டும் கயிறாயிற்று. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தோட்டங்கள் செலுத்தும் பொது நிதி ஒன்றிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்படும் ஏற்பாடு வந்தது. தொழிலாளி கடன் இன்றி வந்திறங்க வழி பிறந்தது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றார்கள். முன்னோர் நடந்த வழி அது.

கங்காணி கொடுத்ததும் வழிச்செலவு. முதியவர் எனக்குக் கொடுத்ததும் வழிச்செலவு. தொகையில் அன்று வேறுபாடு, முடிச்சில்தான் வேறுபாடு. ஒன்று, வாங்கியவனைத் தன்னோடு கட்டிப் போட்டது. மற்றது, வாங்கியவனை அவன் வழியே போக விட்டது. வேலைக்குப் போகும் முதல் நாளின் செலவை யார் தாங்குகிறார்கள், எந்த நிபந்தனையோடு தாங்குகிறார்கள் என்பதைக் கொண்டு ஒரு சமூகத்தின் பண்பை அளந்துவிடலாம்.

இன்று அரசுகளும் இந்தப் பள்ளத்தை ஓரளவு உணர்ந்துள்ளன. தமிழ்நாட்டிலே 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்களுக்கு அது கூலி உயர்வுக்கு ஒப்பாயிற்று. நியூசிலாந்திலே சமூக சேவைகள் அட்டை உடையோருக்கு 2023 ஜூலை முதல் நாடு முழுவதும் பேருந்திலும் புகையிரதத்திலும் அரைக் கட்டணம் என்றாயிற்று. 2024இல் சிறுவருக்கும் இளையோருக்கும் இருந்த சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இந்தச் சலுகை நீடித்தது. வேலை இல்லாதோர் மட்டுமன்றி, குறைந்த வருமானத்தோடு வேலை செய்வோரும் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறியார். ஒக்லாந்தில் 2024 ஜூலையிலே ஏழு நாள் பயணத்துக்கு ஐம்பது டொலர் என்ற உச்சவரம்பும் வந்தது. புதிய வேலை தொடங்குபவருக்குப் போக்குவரவு முதலிய செலவுகளுக்கும், முதற் சம்பளம் வரையுள்ள இடைவெளிக்கும் உதவக் கூடியதாக, ‘வேர்க் அன்ட் இன்கம்’ அலுவலகத்திலே ‘ட்ரான்சிஷன் டு வேர்க் கிராண்ட்’ என்னும் மானியம் உண்டு. வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்தே அது வழங்கப்படும். வேலை உறுதியானவுடன் விசாரிப்பது நன்று. இவற்றைக் கேட்டுப் பெறுவது பிச்சை அன்று. நாமும் வரி செலுத்தும் நாட்டிலே நமக்கும் உரிய பங்கு.

எனினும் அரச உதவிக்குப் படிவம் வேண்டும், சான்று வேண்டும், சில நாள்கள் வேண்டும். நாளைக் காலையில் ஏறவேண்டிய பேருந்து இவற்றுக்காகக் காத்து நிற்பதில்லை. அந்த ஓரிரு நாள்களுக்கு மனிதருக்கு மனிதரே துணை. இதற்கென்றே தமிழிலே அழகானதொரு சொல் இருக்கிறது: கைமாற்று. வட்டியில்லை, எழுத்தில்லை, சாட்சியில்லை. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி, காலம் வந்ததும் திரும்பி வருவது. திருக்குறளின் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், உதவியின் பருமனைக் காட்டிலும் அது செய்யப்பட்ட காலத்தையே பெரிதாகக் கொள்கிறார். தினையளவு உதவியைப் பனையளவாகக் காணும் கண்ணும் அந்த அதிகாரத்தில்தான் உண்டு.

இப்பொழுது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். நமது பெற்றோர் கூடி, பயணக் கைமாற்றுக்கென ஒரு சிறு நிதியை ஆரம்பித்தல் வேண்டும். குடும்பத்துக்குப் பத்து டொலர் போதும். புதிதாக வேலை கிடைத்த எவருக்கும் முதற் சம்பளம் வரையிலான பயணச் செலவை அதிலிருந்து கொடுக்கலாம். அதற்கு மூன்று விதிகள் இருக்கட்டும். முதலாவது, வட்டி இல்லை. இரண்டாவது, பெற்றவர் பெயர் பொறுப்பாளர் ஒருவரைத் தவிர வேறெவருக்கும் தெரியலாகாது. கூட்டத்திலே வாசிக்கப்படவும் கூடாது, மலரிலே அச்சிடப்படவும் கூடாது. மூன்றாவது, மூன்றாவது சம்பளத்துக்கு முன் திருப்பி வாங்கலாகாது. இந்த மூன்றாம் விதி என்னுடையது அன்று. அதை எனக்குக் கற்பித்தவர் இன்று நம்மிடையே இல்லை.

பணம் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சில வேளை வராது. மண்டப அலங்காரத்துக்கும் சிற்றுண்டிக்கும் நாம் செலவிடும் பணமும் திரும்பி வருவதில்லையே! அதனோடு ஒப்பிடுகையில், ஒருவரை வேலையில் நிலைக்கச் செய்த நூறு டொலர் வீண்செலவு ஆகாது. பெற்றவர் தலைநிமிர்ந்தபின், தாம் பெற்றதை இன்னொருவருக்குக் கொடுக்க முன்வருவார் என்பதே என் நம்பிக்கை.

அன்பான மாணவர்களே! உங்களுள் மூத்தோர் சிலர் ஓரிரு ஆண்டுகளில் வேலைக்குப் போகப் போகின்றீர்கள். முதற் சம்பளத்தை அம்மாவின் கையிற் கொடுங்கள். அந்த வழக்கம் நல்லது. அதற்கு முந்திய வாரங்களில் உங்கள் ‘ஹொப்’ அட்டையை நிரப்பித் தந்தவர் யார், விடியற்காலையில் எழுந்து காரில் கொண்டுபோய் இறக்கியவர் யார் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களோடு வேலைக்குச் சேரும் புதியவர் ஒருவரைக் கண்டால், அவர் எந்த நாட்டவராயினும், எந்த மொழி பேசுபவராயினும், “வேலை எப்படி?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “சம்பளம் வரும்வரை போய்வரக் காசு இருக்கிறதா?” என்றும் கேளுங்கள். கேட்கும்போது அருகில் வேறெவரும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.